நிழலை இழந்த குடகு: காப்பிச் செடியைத் துளைத்த வண்டின் கதை

வரிசையாக நிற்கும் அரபிக்கா காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒன்றின் இலைகள் மட்டும் மஞ்சள் பாரித்துத் தொங்கினால், கீழ்ப்பழனி மலைக்காரர்கள் இலையைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. குனிந்து நடுத்தண்டைத் தடவுவார்கள். பட்டைக்கு அடியில் கயிறு ஓடுவது போன்ற புடைப்பு கட்டைவிரலில் நெருடும். தண்டைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் அந்த மேடு தட்டுப்பட்டுவிட்டால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை. செடியைப் பிடுங்க வேண்டியதுதான்.

எங்கள் தோட்டத்தில் அப்படிப் பிடுங்கிய முதல் செடியை, எங்களிடம் நெடுங்காலம் வேலை பார்த்த ஓர் அக்கா அரிவாளால் நீளவாக்கில் பிளந்து காட்டினார். குழாய் போன்ற வெற்றுத் துளை இருக்கும் என்று எதிர்பார்த்தேன். வெற்றிடமே இல்லை. சுரங்கம் முழுவதும் மரத்தூள் திணித்துக் கிடந்தது. நகத்தால் கீறினால்கூட எளிதில் உதிரவில்லை, அவ்வளவு இறுக்கம். சுவர் விரிசலில் சுண்ணாம்பு வைத்துப் பூசியது போல் வழி முழுக்க அடைத்துக்கொண்டே போயிருந்தது புழு. சுரங்கத்தின் கடைசியில் அது கிடந்தது. வெண்ணெய் நிறம். தலைப்பக்கம் அகன்று, வால் பக்கம் ஒடுங்கி, கணுக்கணுவாகக் கால் இல்லாத உடல். வெளிச்சம் பட்டதும் மெல்லச் சுருண்டது. செடிக்கு வெளியே ஒரு துளி தூள்கூடச் சிந்தியிருக்கவில்லை. காப்பித் தண்டைக் குடையும் மற்றொரு புழு, ஓர் அந்துப்பூச்சியின் புழு, கழிவை வெளியே தள்ளும். செடியடியில் குவியும் உருண்டைகளைப் பார்த்து அதைக் கண்டுபிடித்துவிடலாம். இது அப்படித் தடயம் விடுவதில்லை.

“மற்ற இடத்தை அப்புறம் பார்க்கலாம் தம்பி, மரம் வெட்டிய பக்கம் வாருங்கள்” என்று சொல்லிவிட்டு அந்த அக்கா மேட்டுப்பக்கம் நடந்தார். முந்தைய ஆண்டு அங்கே நான்கு பெரிய நிழல் மரங்களை விற்றிருந்தோம். அடுத்தடுத்த செடிகளில் புடைப்பு கைக்குத் தட்டுப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாத அவருக்குத் தெரிந்திருந்த இந்தக் கணக்கை, 150 ஆண்டுகளுக்கு முன் குடகு மலையில் ஒரு மருத்துவர் அறிக்கையாக எழுதி வைத்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இந்தக் கட்டுரை அந்தக் குடகு நிகழ்வைப் பற்றியது.

முதலில் வண்டு. தோட்டக்காரர்கள் ‘போரர்’ என்பார்கள், காப்பி வாரியத்தின் கையேடுகள் ‘வெள்ளைத் தண்டுத் துளைப்பான்’ என்று எழுதும். அறிவியல் பெயர் சைலோட்ரேக்கஸ் குவாட்ரிபெஸ். பிரெஞ்சுப் பூச்சியியலாளர் செவ்ரோலா 1863ல் இதற்கு இப்பெயரிட்டார். செரம்பிசிடே என்னும் நீளக்கொம்பு வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனாலும் மாமரத்தைத் துளைக்கும் பெரிய வண்டுக்கு இருப்பது போல உடலைவிட நீண்ட கொம்புகள் இதற்குக் கிடையாது. ஒடுங்கிய உடல், ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் நீளம், கறுப்பு நிறத்தின் மேல் சாம்பலும் வெளிர் மஞ்சளுமாகக் கோடுகள். செடிமேல் குளவி போல விறுவிறுவென்று ஓடும். இந்தியாவில் மட்டுமல்ல, மியான்மர், தாய்லாந்து, வியட்நாம், தென் சீனா என்று அரபிக்கா வளரும் ஆசிய மலைகளில் பரவலாக இருக்கிறது. காப்பி குடிப்பவர்களில் பெரும்பாலோர் இதைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களிலும் புழுவைப் பார்த்தவர்கள் பலர், வண்டைப் பார்த்தவர்கள் சிலர். காரணம் எளிது. இதன் வாழ்க்கையில் ஏறக்குறைய பத்து மாதம் புழுவாகத் தண்டுக்குள் கழிகிறது. கூட்டுப்புழுப் பருவமும் உள்ளேயேதான். வண்டாக வெளியே திரிவது ஒரு மாத அளவுதான்.

அந்த ஒரு மாதத்தில் அது தேடுவது வெயிலை. பல பூச்சிகள் இருட்டிலும் அந்தியிலும் நடமாட, இது நல்ல வெளிச்சத்தில், வெதுவெதுப்பான பகலில் பறந்து இணைசேர்ந்து முட்டையிடுகிறது. நடுத்தண்டிலும் தடித்த பக்கக் கிளைகளிலும் உரிந்தும் வெடித்தும் நிற்கும் பட்டை இடுக்குகளில் சில சில முட்டைகளாகச் செருகி வைக்கும். எட்டு, பத்து நாளில் புழு வெளிவந்து முதலில் பட்டைக்கு அடியிலேயே மேய்கிறது. கையில் நெருடும் அந்தப் புடைப்பு இந்தப் பருவத்தின் அடையாளம். பிறகு கட்டைக்குள் இறங்கி எல்லாத் திசையிலும் குடையும், சில சமயம் வேர் வரைக்கும். இளஞ்செடி ஓராண்டில் பட்டுப்போகும். வயதான செடி சில பருவங்கள் தாக்குப்பிடிக்கும், ஆனால் காய் வற்றிப் பருப்பில்லாச் சக்கையாகிவிடும். ஆண்டுக்கு இரண்டு முறை வண்டு வெளியே வருகிறது: கோடை மழையை ஒட்டி ஏப்ரல், மே மாதங்களிலும், மறுபடி அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையிலும்.

இனி குடகு. மேற்குத் தொடர்ச்சி மலையில் காப்பி வந்த கதையை பாபா புடன் என்ற சூஃபித் துறவி மெக்கா யாத்திரையிலிருந்து கொண்டுவந்த ஏழு விதையிலிருந்து தொடங்குவது வழக்கம். 17ஆம் நூற்றாண்டு என்று சொல்லப்படும் அந்த மரபுக்கதை எப்படியானாலும், சிக்மகளூர் மலைகளிலும் குடகு வீடுகளின் புழக்கடையிலும் காப்பி நெடுங்காலம் காட்டு மரங்களின் அடியில்தான் வளர்ந்தது. அங்கே அதைப் பெரிய வியாபாரமாக யாரும் கருதவில்லை. மரத்தடியில் நான்கு செடி நின்றது, பழம் பறித்தார்கள். நிலைமை மாறியது ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் வந்த பிறகு. 1854ல் ஃபௌலர் என்பவர் மடிக்கேரி அருகே முதல் ஐரோப்பியத் தோட்டத்தைத் தொடங்கினார். பின்னாலேயே பலர் வந்தார்கள். அவர்கள் முன்னால் இருந்த வெற்றிக்கதை இலங்கை. அங்கே மலைக்காட்டை அடியோடு வெட்டி, எரித்து, திறந்த சரிவில் வரிசையாகக் காப்பி நட்டுப் பெரும் லாபம் பார்த்திருந்தார்கள். அதே முறை இங்கும் வந்தது.

கண்ணுக்கு அது சரியான முறையாகவே தெரிந்திருக்கும். நிழல் இல்லாத செடி முதல் சில ஆண்டுகளில் அதிகம் பூக்கிறது, அதிகம் காய்க்கிறது. இதை இன்றைக்கும் எந்த விவசாயியும் ஒத்துக்கொள்வார். குடகின் கிழக்குப் பகுதியில், மழை குறைந்த தாழ்வான மேட்டுநிலத்தில், மூங்கில் காடுகள் நிறைந்திருந்தன. ‘மூங்கில் பிரதேசம்’ என்றே தோட்டக்காரர்கள் அதை அழைத்தார்கள். வெட்ட எளிது, நிலம் அவ்வளவு செங்குத்தும் அல்ல. காடு அங்கே வேகமாக மறைந்தது. குறைந்த மழை, நீண்ட கோடை, மேலே கூரையாக எதுவுமில்லை. வெயிலைத் தேடும் வண்டுக்கு இதைவிடப் பெரிய விருந்து வைக்க முடியாது. என் பார்வையில் அந்தப் பேரழிவு தொடங்கியது கோடரி விழுந்த நாளில்தான். வண்டு பெருகியதாகக் கூக்குரல் எழுந்தது அதன் பின்விளைவு.

1860களின் நடுவில் தென்னிந்தியாவில் மழை தொடர்ந்து பொய்த்தது. அந்த வறட்சியின் போதும் அதற்குப் பிறகும் குடகு, மைசூர், வயநாடு மூன்றிலும் செடிகள் பரவலாகச் சாகத் தொடங்கின. வளர்ந்து காய்ப்புக்கு வந்த தோட்டங்கள் எரிந்தது போல் நின்றன. கடன் வாங்கி நட்டவர்கள் கைவிட்டு ஓடினார்கள். முறையீடு சென்னை மாகாண அரசுக்குப் போனது. அரசு விசாரிக்க அனுப்பியவர் ஜார்ஜ் பைடி, ஸ்காட்லாந்தில் பிறந்த அறுவை மருத்துவர், தாவரங்களிலும் பறவைகளிலும் ஆழ்ந்த நாட்டமுள்ளவர். பின்னாளில் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராகவும் இருந்தார்.

பைடியின் அறிக்கை 1869ல் சென்னையில் அச்சாகியது. காப்பித் தோட்டங்களில் துளைப்பான் விளைவித்த நாசத்தைப் பற்றியது. ஒரு மருத்துவர் நோயாளியைப் பார்ப்பது போல அவர் தோட்டத்தைப் பார்த்திருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. கிருமி எது என்பதோடு நிற்காமல், உடம்பு ஏன் இடம் கொடுத்தது என்று கேட்டார். வண்டு வெளியூரிலிருந்து வந்ததல்ல, இந்தக் காடுகளுக்கே உரியது. அப்படியானால் இத்தனை நாள் அடங்கியிருந்தது ஏன் இப்போது கட்டவிழ்ந்தது? மழை பொய்த்ததும் நிழலை அகற்றியதும் அவர் முன்வைத்த முக்கியக் காரணங்கள். மருந்து என்றால், நிழலைத் திரும்பக் கொண்டுவருவது.

இதே பைடி அதே 1869ல் லண்டன் ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டியின் இதழில் குடகில் காடழிப்பின் விளைவுகள் என்ற பொருளில் ஒரு கட்டுரையும் வெளியிட்டார். இரண்டையும் சேர்த்து நினைத்தால் அவருடைய மனம் போன வழி புரிகிறது. ஒரு விரற்கடை நீளமுள்ள புழுவைத் தேடிப் போனவர் ஒரு மலையின் காட்டுக் கணக்கையே பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். தோட்டக்காரர்கள் கேட்டது பூச்சிக்கு மருந்து. அவர் சொன்னது மரம் நடு என்று. இப்படிப் பதில் சொல்ல அன்றைக்குத் துணிச்சல் வேண்டும். தோட்டம் என்பது முதலீடு, மரம் என்பது இடைஞ்சல் என்று எண்ணிய காலம் அது.

நிழல் எப்படி வேலை செய்கிறது? மந்திரம் ஒன்றுமில்லை. அடர்ந்த மரக்கூரையின் கீழ் தண்டின் மேல் நேர்வெயில் விழுவதில்லை, பட்டை சூடாவதில்லை. முட்டையிட வந்த பெண் வண்டுக்கு அந்த இடம் பிடிப்பதில்லை. மண்ணில் ஈரம் நிற்பதால் கோடையிலும் செடி தெம்பாக இருக்கிறது. மரங்கொத்திக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளுக்கும் குடியிருக்க இடம் கிடைக்கிறது. நிழலுள்ள தோட்டத்திலும் துளைப்பான் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடி போகும், தோட்டமே போகாது.

குடகில் பலர் பைடியின் பேச்சைக் கேட்டார்கள். மூங்கில் பிரதேசத்தில் மரம் நட்டு மீண்டும் காப்பி எழுந்தது. மைசூர்ப் பக்கம் அத்தி, ஆல் இனத்துப் பெருமரங்களை நிழலுக்கென்று தேர்ந்து வளர்த்தார்கள். அங்கே இன்னொரு இழப்பும் நேர்ந்தது. சிக்மகளூர் பெயரால் ‘சிக்’ என்று அழைக்கப்பட்ட பழைய மைசூர்க் காப்பி, வறட்சியிலும் துளைப்பானிலும் வீரியம் இழந்து ஏறக்குறைய மறைந்தே போனது. குடகிலிருந்து கொண்டுவந்த விதையால்தான் மைசூர்த் தோட்டங்கள் மறுபடி நிரம்பின. இன்று அந்த சிக் காப்பி எப்படி ருசித்திருக்கும் என்று சொல்ல யாருமில்லை. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் வலிக்கிற இடம் இது.

இலங்கைக்கு நேர்ந்தது தனிக்கதை. அதே 1869ல் அங்கே இலைத்துரு என்ற பூஞ்சை நோய் தென்பட்டு, அடுத்த இருபது ஆண்டுகளில் காப்பி போய்த் தேயிலை வந்தது. இந்திய மலைகளையும் துரு எட்டிப் பார்த்தது. அதன் பிறகு ஆராய்ச்சியின் பெரும்பங்கு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. 1925ல் மைசூர் வேளாண்துறை இயக்குநர் லெஸ்லி கோல்மன் முயற்சியில் சிக்மகளூர்ப் பக்கத்துப் பாலேஹொன்னூரில் காப்பி ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. எஸ்.795, பின்னர் காவேரி போன்ற துருவைத் தாங்கும் அரபிக்கா வகைகள் பரவின. இவற்றில் எதுவும் துளைப்பானைத் தாங்குவதல்ல. ரொபஸ்டா என்ற மற்றொரு காப்பி இனத்தை மட்டும் இந்த வண்டு பெரும்பாலும் விட்டுவைக்கிறது. இன்று இந்தியக் காப்பியில் பத்தில் ஏழு பங்கு ரொபஸ்டாவாக இருப்பதற்குள்ள காரணங்களில் இந்தச் சின்ன வண்டையும் சேர்க்க வேண்டும். சென்னை மாகாணத்தின் 1919ஆம் ஆண்டு வேளாண் பூச்சி, நோய்ச் சட்டத்தின் கீழும் இது பின்னாளில் வந்தது. சேர்வராயன், நீலகிரி, பழனி மலைகளில் அரபிக்கா வைத்திருப்பவர், தாக்கிய செடியைத் தோட்டத்தில் வைத்திருப்பதே குற்றம் என்ற அளவுக்கு அரசு இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டது.

நடுவில் விஷத்தின் காலம் ஒன்று. பி.எச்.சி.யும் பிறகு லின்டேனும் ஆகிய பூச்சிக்கொல்லிகள் தண்டில் பூசப்பட்டன. பட்டையில் ஒட்டிக்கொண்டு நெடுநாள் நிற்கும் மருந்து, வேலையும் செய்தது. அதைப் பூசிய கைகளையும் அந்த மலையிலிருந்து இறங்கும் ஓடைகளையும் பற்றி யாரும் அதிகம் கேட்கவில்லை. 2009ல், நெடுநாள் அழியாத நச்சுப்பொருட்களுக்கான பன்னாட்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை லின்டேனைத் தடைப்பட்டியலில் சேர்த்தது, இந்தியா 2011ல் உற்பத்தியையும் 2013ல் பயன்பாட்டையும் நிறுத்தியது. விவசாயிகள் பலர் கை ஒடிந்தது போல் உணர்ந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நிழலைக் குறைத்துவிட்டுப் பூச்சியை மருந்தால் சமாளிக்கலாம் என்று பல பத்தாண்டுகள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது. அந்த ஊன்றுகோல் போனதும்தான் கால் எவ்வளவு வலுவிழந்திருந்தது என்று தெரிந்தது.

இப்போது கையில் இருப்பவை மூன்று. ஒன்று இனக்கவர்ச்சிப் பொறி. ஆண் வண்டு வெளியிடும் மணப்பொருளைப் பிரித்தறிந்து, அதைச் செயற்கையாகச் செய்து, குறுக்குப் பலகை வைத்த பொறியில் கட்டுகிறார்கள். பெண் வண்டு தேடி வந்து விழுகிறது. இந்த மணப்பொருள் பற்றிய ஆய்வு 2006ல் வெளியானது. ஹெக்டேருக்கு 25 பொறி என்பது பரிந்துரை. வண்டு வெளியே வரும் காலத்தை அறிய இது நல்ல கருவி. பொறியை மட்டும் நம்பித் தோட்டத்தைக் காப்பாற்ற முடியாது என்பது என் கணிப்பு.

மற்றொன்று சுண்ணாம்பு. 200 லிட்டர் தண்ணீருக்கு 20 கிலோ என்ற கணக்கில் கரைத்து நடுத்தண்டிலும் தடித்த கிளைகளிலும் பூசுவது. பட்டை இடுக்குகள் மூடிக்கொள்கின்றன, வெண்மையும் காரமும் வண்டை விரட்டுகின்றன. மழை கழுவிவிட்டால் மறுபடி பூச வேண்டும். அதற்கு முன்பாகத் தென்னைநார்க் கையுறை போட்டுத் தண்டை மேலிருந்து கீழாகத் தேய்க்க வேண்டும். உரிந்த பட்டை உதிர்ந்து தண்டு வழவழப்பானால் முட்டை செருக இடமில்லை, இருக்கும் முட்டையும் நசுங்கிப்போகும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். குளிர்ந்த காலையில் நான்கைந்து பேர் வரிசையாகத் தேய்த்துக்கொண்டு வரும்போது மாடு புல் மேய்வது போன்ற ஒரு ஒலி சரிவில் ஏறி வரும்.

மூன்றாவதுதான் ட்ரேசிங். எல்லோருக்கும் இதே ஆங்கிலச் சொல்தான் வழக்கம். வண்டு பறக்கும் காலத்துக்கு முன், மார்ச்சிலும் செப்டம்பரிலும், ஒவ்வொரு செடியாகத் தொட்டுத் தடவிப் புடைப்புள்ளதைப் பிரித்தெடுப்பது. இது கண்ணின் வேலையல்ல, கட்டைவிரலின் வேலை. வேகமாகச் செய்தால் பாதி தப்பிவிடும். தேர்ந்த கை ஒரு செடியில் சில நொடிகள் நின்று, கிளை பிரியும் இடத்திலிருந்து அடித்தூர் வரை ஒரே இழுப்பில் இறங்கும். அடித்தூரில் தாக்கியிருந்தால் வேரோடு பிடுங்க வேண்டும், மேலே மட்டும் என்றால் கீழே நல்ல கட்டை தெரியும் வரை வெட்டிவிட்டுப் புதுத் தளிர் விட வைக்கலாம். இத்தனைக்கும் ஆள் வேண்டும். கூலி ஏறிவிட்டது, பிள்ளைகள் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள், விலை விழுந்த ஆண்டில் முதலில் நிறுத்தப்படுவது ட்ரேசிங்தான். அந்த ஆண்டு விட்டுவைத்த செடியிலிருந்து அடுத்த ஆண்டின் வண்டு வருகிறது.

நிழலோ, சத்தமில்லாமல் குறைந்துகொண்டே இருக்கிறது. காட்டு மரங்கள் போன இடத்தில் சில்வர் ஓக் நின்று, அதில் மிளகு ஏறுகிறது. நேராக வளரும், மிளகு பறிக்க வசதி, கட்டைக்கு நல்ல விலை. விவசாயிக்கு அது வங்கிக்கணக்கு போல. ஆனால் மிளகுக்கு வெளிச்சம் வேண்டுமென்று கிளையைக் கழித்துவிட்டால் கம்பம் நட்டது போல் நிற்கும். அதன் நிழல் ஆலமர நிழல் அல்ல. இளநிழலுக்கு வைத்த கல்யாண முருங்கையையும் சென்ற இருபது ஆண்டுகளில் ஒரு நுண்குளவி வந்து இலையைச் சுருட்டிப் பல இடங்களில் அழித்தது. ஒரே மழைக்குப் பின் நீண்ட வறண்ட இடைவெளி விடும் ஆண்டுகளையும் இப்போது அடிக்கடி பார்க்கிறோம். பைடி எழுதிய இரண்டு காரணங்களும் மறுபடி ஒன்றுசேர்ந்து வருவதைத்தான் நான் காண்கிறேன். குடகில் அன்று ஒரே வீச்சில் செய்ததை, இன்று நாங்கள் ஆண்டுக்கு நான்கு மரமாகச் செய்கிறோம். நான் விற்ற நான்கு மரமும் அந்தக் கணக்கில் உண்டு.

அந்த மேட்டில் மறுபடி மரம் வைத்திருக்கிறோம். பலா, சந்தன வேம்பு, அத்தி. கூரை கூடப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்த வரிசைகளைத்தான் முதலில் தடவுகிறோம், இரண்டு பருவமும்.

பிடுங்கிய தண்டுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் நல்ல தோட்டக்காரர்களும் ஏமாறுகிறார்கள். காப்பிக் கட்டை நன்றாக எரியும், வீட்டுக்கு ஆகுமே என்று கட்டிக்கொண்டுபோய் அடுப்படிக்குப் பின்னால் அடுக்கிவிடுவார்கள். செடி செத்தாலும் உள்ளே இருப்பது சாகவில்லை. விறகுக் குவியலிலிருந்தே ஏப்ரலில் வண்டு துளையிட்டு வெளியேறி, வேலியைத் தாண்டி அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். அன்றே எரித்துவிட வேண்டும். விறகாக வேண்டும் என்றால் ஒரு வாரம், பத்து நாள் தண்ணீரில் மூழ்க வைக்க வேண்டும். இந்த மார்ச்சில் பிடுங்கியவற்றை ஓடைத்தொட்டியில் போட்டு, மேலே கல் வைத்திருக்கிறோம். நீர்மட்டத்துக்கு மேல் ஒரு முனைகூடத் தெரியக்கூடாது என்று அந்த அக்கா காலையும் மாலையும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.